கலியாணத்துக்கு யார் சாட்சி

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் வீடு மாறுவது ஆண்பிள்ளைதான். தாய் தன் மகளுக்கென்று வளவுக்குள் ஒரு வீட்டைக் கட்டி வைப்பாள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். மூத்தவள் கலியாணம் முடித்ததும் தாயும் தகப்பனும் தாங்கள் இருந்த வீட்டையே அவளுக்கு விட்டுவிட்டு, இளையவளுக்காகப் போட்ட புது வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. அதனால்தான் மட்டக்களப்பில் எங்கள் ஊரான சித்தாண்டியின் பழைய ஒழுங்கைகளில் அக்கா தங்கைகளின் வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியே வரும். சம்பந்தம் பேச வருகிறவர் முதலில் கேட்பது "என்ன குடி?" என்பதைத்தான். முக்குவர் சமூகத்தின் இந்தத் தாய்வழி மரபுரிமையை, அதாவது முக்குவச் சட்டத்தை, விவரித்து 1876-இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு முக்குவச் சட்டத்தின் வலு போய்விட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் எங்கள் ஊரில் வீட்டு உறுதி பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரு கலியாணம் உண்மையானதா என்று ஒருவரும் கேட்கவில்லை. காலையில் கிணற்றடியில் முகம் கழுவும் புது மாப்பிள்ளையை அந்த ஒழுங்கை முழுவதும் பார்த்தது. சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவில் இருவரும் சேர்ந்து நின்றதை ஊரே பார்த்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை. பதிவுகூடப் பல பேருக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் இந்த ஊரில் ஆசிரியையாக இருந்தேன். கடிதம் எழுதவும் வாசிக்கவும் ஃபோம் நிரப்பவும் என்னிடம் வருவார்கள், இன்றும் வருகிறார்கள். ஆகவே இந்த ஊர்க் கலியாணங்களின் தாள்கள் என் கைக்கூடாகப் போயிருக்கின்றன. அந்தத் தாள்களுக்கு இரண்டு காலங்களில் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் கணவன் எழுதிய கடிதம் வீட்டில் இருந்தால் ஆபத்து. இன்று அந்தக் கடிதம் இல்லாவிட்டால் மனைவிக்கு விசா இல்லை.

1983 கலவரத்துக்குப் பிறகு பெடியன்கள் வெளியேறத் தொடங்கினார்கள். ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ், லண்டன், கனடா. 1990 ஜூனில் கிழக்கில் மறுபடியும் சண்டை மூண்டபோது அந்த வெளியேற்றம் ஓட்டமாக மாறியது. எங்களுக்கு அருகிலுள்ள வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை 1990 செப்டம்பர் 5-ஆம் திகதி படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஆண்பிள்ளை வைத்திருந்த எந்தத் தாயும் அவனை ஊரில் வைத்திருக்க விரும்பவில்லை. மாடு, வயல், நகை என்று இருந்ததை விற்று ஏஜென்சிக்காரனிடம் கொடுத்தார்கள்.

போனவர்கள் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை எப்படி வைத்திருப்பது என்பதுதான் மனைவிமாருக்குப் பெரும் பிரச்சினை. படையினர் சுற்றிவளைத்து வீட்டைச் சோதிக்கும்போது வெளிநாட்டு முத்திரை ஒட்டிய உறை கிடைத்தால் கேள்விகள் வரும். உன் புருஷன் எங்கே, ஏன் போனான், காசு அனுப்புகிறானா, அந்தக் காசு யாருக்குப் போகிறது? அந்தக் கேள்விகளோடு ஒரு பெண் முகாமுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கப்பம் கேட்டு இரவில் கதவைத் தட்டும் துவக்குக்காரர்களும் பல பக்கத்திலும் இருந்தார்கள். ஆகவே கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் தருவார்கள், நான் வாசிப்பேன், இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிறகு, "ரீச்சர், அடுப்புக்குள்ள போட்டிருங்க" என்பார்கள். சிலர் படத்தை மட்டும் பால்மா பேணிக்குள் வைத்துக் கோழிக்கூட்டுக்குக் கீழே புதைத்தார்கள். மாரி வெள்ளம் வந்து அதையும் கெடுத்தது. சந்தனமடு ஆறு பெருகும் ஊரில் நிலத்துக்குள் புதைத்த தாள் எத்தனை வருடம் தாங்கும்?

காசும் அப்படித்தான். வங்கிக்குப் போவதென்றால் சோதனைச் சாவடி தாண்ட வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், என்ன காசு, யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டும். உண்டியல் முறையில் அந்தத் தொல்லை இல்லை. கணவன் அங்கே ஒருவரிடம் பணத்தைக் கொடுப்பார். இங்கே ஒருவர் சைக்கிளில் வந்து, சொன்ன எண்ணைச் சரிபார்த்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். எண் எழுதிய துண்டும் அன்றே எரியும். தொலைபேசிக்கு வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ போய்க் கொமியூனிகேஷன் கடையில் காத்திருக்க வேண்டும். பேசியதற்கு ஒரு பதிவும் கிடையாது. இப்படியே பத்து வருடம், பதினைந்து வருடம் குடும்பம் நடத்திய பெண்கள் இங்கே இருந்தார்கள். கணவன் அனுப்பிய காசில் பிள்ளை வளர்ந்தது, கடிதத்தில் அவர் சொன்ன பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். அதற்கெல்லாம் ஒரு துண்டுத் தாள்கூட ஆதாரம் இல்லை. அவர்கள் கவலையீனமாக இருக்கவில்லை. உயிரோடு இருப்பதற்காகத் தாள்களை அழித்தார்கள்.

பிறகு அந்தப் பெண்களை அழைப்பிக்கும் காலம் வந்தது. கணவனுக்கு அங்கே வதிவிட உரிமை கிடைத்திருக்கும், ஸ்பொன்சர் செய்வார். பெண் கொழும்புக்குப் போக வேண்டும். தூதரகமும் கடவுச்சீட்டு அலுவலகமும் மருத்துவப் பரிசோதனையும் எல்லாமே கொழும்பில். நேர்முகத்துக்கு என்று ஒரு நாள் தருவார்கள், பிறகு காத்திருக்கச் சொல்வார்கள். ஊருக்கு வந்து திரும்பப் போவதற்குப் பாதை எப்போதும் திறந்திருக்காது. அதனால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் தங்கினார்கள். பொலிஸில் பதிய வேண்டும். பதிந்த துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்க வேண்டும்.

2007 ஜூன் 7-ஆம் திகதி விடியற்காலையில் பொலிஸார் அந்த லொட்ஜுகளுக்குள் புகுந்து, கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லித் தமிழர்களை பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர், அதில் 85 பேர் பெண்கள். பஸ்கள் வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் புறப்பட்டன. வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், மருந்தெடுக்க வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆனால் விசாவுக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கொழும்பில் அரை மணி நேரத்தில் பை கட்டச் சொன்ன அந்த அதிகாலையை எந்த வருத்தமும் அழிக்கவில்லை. கணவனிடம் போவது தகுந்த காரணமாக அவர்களுக்குத் தெரியவில்லை.

தாய்லாந்தின் பெயரை எங்கள் ஊர் அறிந்துகொண்டதும் இந்தக் காத்திருப்பினூடாகத்தான். 2009-இல் போர் முடிந்த பிறகு பலர் சுற்றுலா விசாவில் பாங்கொக் போய் அங்கிருந்து வேறு நாடு போகப் பார்த்தார்கள். சன் ஸீ என்ற கப்பல் தாய்லாந்துப் பக்கத்திலிருந்து கிளம்பி 2010 ஓகஸ்டில் 492 தமிழர்களோடு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. அந்த ஒக்டோபரிலேயே பாங்கொக்கில் தமிழர்களைத் தேடிப் பிடித்து சுவான்புளூ குடிவரவுத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை. விசா முடிந்தவர் அங்கே அகதி இல்லை, குற்றவாளி. "அவர் பாங்கொக்கில நிக்கிறார்" என்று ஒரு மனைவி சொன்னால், எந்த நாட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம். 2024 ஜூலையில் அதே தாய்லாந்து இலங்கை உட்பட 93 நாட்டவருக்கு 60 நாள் விசா இல்லாமல் வர வாசலைத் திறந்தது. அதுவரை, அகதிப் பயணப் பத்திரத்தில் ஊருக்கு வர முடியாத மாப்பிள்ளைமார் திருச்சியிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தாலி கட்டினார்கள். அந்த அறிவிப்போடு பெண்வீட்டார் விசா அலைச்சல் இல்லாமல் பாங்கொக்குக்கும் போக முடிந்தது.

தாய்லாந்தைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் மனதில் நின்றது. அந்த நாட்டின் வடகிழக்கில், ஈசான் என்று சொல்லும் பகுதியில், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம், எங்களைப் போல. கடைசி மகள்தான் தாய்வீட்டைப் பெறுவாள். இன்று அங்கே பெண்ணெடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அந்த நாடு வைத்திருக்கும் நிபந்தனை: தாய்லாந்து வங்கியில் 4 இலட்சம் பாத் வைப்பில் இருக்க வேண்டும், விண்ணப்பிக்க முன்பு இரண்டு மாதம் அது அசையாமல் கிடக்க வேண்டும். அல்லது மாத வருமானம் 40,000 பாத் காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை விலாசத்தை அறிவிக்க வேண்டும். காணி அவர்கள் பெயரில் எழுத முடியாது. மனைவி காணி வாங்கினாலும், இந்தப் பணம் அவளுடைய தனிச்சொத்து, எனக்கு உரிமை இல்லை என்று கணவன் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பாட்டிமார் மருமகனிடம் வங்கிப் புத்தகம் கேட்டதில்லை. ஆனால் காணி அவன் பெயருக்குப் போகக் கூடாது என்பதில் அவர்களும் கண்டிப்பாகவே இருந்தார்கள்.

எங்கள் நாட்டிலும் அப்படியொரு சட்டம் இருக்கிறது, அது குத்துவது எங்கள் பிள்ளைகளைத்தான். 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டவருக்கு இலங்கையில் காணி கைமாற்ற முடியாது. கனடாக் குடியுரிமை எடுத்த சித்தாண்டிப் பெடியன் அந்தக் கணத்திலேயே இலங்கைக் குடியுரிமையை இழக்கிறான். இரட்டைக் குடியுரிமை எடுக்காவிட்டால், தான் விளையாடிய வளவுக்குப் பக்கத்துக் காணியை அவனால் வாங்க முடியாது. மரபுரிமையாக வருவது வேறு. இதை அறியாமல் பெடியன் காசனுப்ப, அண்ணன் பெயரில் காணி எழுதி, பிறகு சகோதரங்களுக்குள் வழக்குப் போன குடும்பங்கள் உண்டு. 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, இலங்கையரைக் கலியாணம் முடிக்கும் வெளிநாட்டவர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. லண்டனிலிருந்து கலியாணத்துக்கு லீவு எடுத்து வந்த எங்கள் பிள்ளைக்கு, சொந்த ஊரில் தாலி கட்டுவதற்கு நாட்டுப் பாதுகாப்பு அனுமதி! அன்று அவன் தகப்பனை விசாரித்த அதே பாதுகாப்புப் பிரிவு, இன்று மகனின் கலியாணத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி இன்றைய தாள்களுக்கு வருகிறேன். எல்லா நாட்டின் எல்லா விதியையும் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் அதிகம் அலைக்கழியும் லண்டன் விசாவைச் சொல்கிறேன், மற்றவை அதைச் சுற்றியே இருக்கின்றன.

பிரித்தானியாவில் இருக்கும் கணவன் மனைவியை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண் காட்ட வேண்டும் என்று 2012 ஜூலையில் விதி வந்தது. 2024 ஏப்ரல் 11-இல் அதை 29,000 ஆக்கினார்கள். 2025 ஏப்ரலில் அங்கே சட்டப்படியான குறைந்த கூலி மணிக்கு 12.21 பவுண். வாரம் 40 மணி நேரம், வருடம் முழுவதும் ஒருநாளும் விடாமல் அந்தக் கூலிக்கு உழைத்தாலும் கிட்டத்தட்ட 25,400 பவுண்தான் சேரும். பெற்றோல் நிலையத்திலும் பலசரக்குக் கடையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் 29,000-ஐத் தொடுவார்கள்? சேமிப்பைக் காட்டலாம். வருமானம் எதுவும் காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டினால் 88,500 பவுண், அதுவும் ஆறு மாதம் கணக்கில் கிடக்க வேண்டும். இதற்கு மேல் விசாக் கட்டணம், அதற்கு மேல் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம், முதல் விசாவின் 33 மாதத்துக்கு 3,105. பெண் ஏ1 தரத்தில் ஆங்கிலப் பரீட்சை எடுக்க வேண்டும், கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். ஜெர்மனிக்கும் இதேபோல 2007-இலிருந்து மனைவி புறப்பட முன்பே ஜெர்மன் மொழி ஏ1 சித்தியடைய வேண்டும். ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் தவறவிட்ட பிள்ளை, செங்கலடியில் ரியூஷனுக்குப் போய் ஜெர்மன் வினைச்சொல் பாடமாக்குவதை நான் கண்டேன். அவள் சித்தியடைந்தாள். அவளிடம் திறமை இல்லாமல் இருந்ததே இல்லை. அவளுக்கு ஒரு நோக்கமும் ஒரு வகுப்பும்தான் இல்லாமல் இருந்தன.

இவை எல்லாம் காசும் படிப்பும். இதைவிடக் கடினமானது, கலியாணம் உண்மையானது என்று காட்டுவது. விவாகச் சான்றிதழ் போதாது. எப்படிச் சந்தித்தீர்கள், எத்தனை முறை சேர்ந்திருந்தீர்கள், பிரிந்திருந்த மாதங்களில் எப்படிப் பேசினீர்கள், யார் யாருக்குக் காசனுப்பினார்கள்? படங்கள், விமானச் சீட்டு, தொலைபேசிப் பதிவு, வங்கிப் பற்றுச்சீட்டு எல்லாம் வேண்டும். கனடாவும் இதையேதான் கேட்கிறது. 2015 ஜூனிலிருந்து ஒரு பக்கம் ஆள் இல்லாமல் நடந்த கலியாணத்தை அது ஏற்பதில்லை. மோசடிக்காரர்களும் போலிக் கலியாணக்காரர்களும் இருப்பதால்தான் கேட்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வித்தாளை எழுதியவர்கள், கடிதம் வைத்திருப்பது ஆபத்தாக இருந்த ஒரு வீட்டைக் கண்டதில்லை. எங்கள் பெண்களுக்குத் தாயும் மாமியும் சொல்லிக்கொடுத்தது தாளை அழிக்க. அந்தப் பழக்கம் சண்டை முடிந்ததும் தானாகப் போய்விடவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2021-இல் கோயிலில் கலியாணம். மாப்பிள்ளை பிரித்தானியக் குடியுரிமைக்காரர், லண்டனில் கடையில் வேலை. லீவு முடியும்வரை இங்கே மாமியார் வீட்டில், பெண்ணுக்கென்று கட்டிய வீட்டில், எங்கள் முறைப்படியே இருந்தார். போன பிறகு மாதாமாதம் வங்கியில் அவள் பெயருக்கே காசு அனுப்பினார். அந்த வருடக் கடைசியில் வங்கியை விட்டு உண்டியலுக்கு மாறினார். ஏன் மாறினார் என்பதை விசா அதிகாரிக்கு விளங்கப்படுத்துவதுதான் பிறகு எங்கள் பெரும்பாடாகப் போனது.

அந்த மாதங்களில் மத்திய வங்கி டொலரின் விலையை 200 ரூபாய்க்குச் சற்று மேலே பிடித்து வைத்திருந்தது. உண்டியலில் 240-க்கு மேல் கொடுத்தார்கள். வங்கியில் அனுப்பினால் டொலருக்குப் பத்து ரூபாய் மேலதிகமாகத் தருகிறோம் என்று டிசம்பரில் அறிவித்தும் இடைவெளி அடைபடவில்லை. வெளிநாட்டில் வியர்வை சிந்துகிறவன் ஒரு டொலருக்கு முப்பது நாற்பது ரூபாயை விட்டுக்கொடுப்பானா? நாடு முழுவதும் இதுதான் நடந்தது. 2020-இல் வங்கிகள் வழியே வந்த உழைப்புப் பணம் 710 கோடி டொலர், 2021-இல் சுமார் 549 கோடி, 2022-இல் சுமார் 379 கோடி. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டதும் விலை சில கிழமைகளில் 300-ஐத் தாண்டியது. ஏப்ரல் 12-இல் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளையின் வீடு உண்டியல் காசில்தான் சாப்பிட்டது. கணவன் தன் குடும்பத்தை மிக அதிகமாகத் தாங்கிய மாதங்கள் அவை. கோப்பில் அந்த மாதங்களுக்கு ஒரு தாளும் இல்லை.

அதோடு இன்னொரு சிக்கல். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தது. தாயின் பழைய தாள்கள் இடம்பெயர்வில் தொலைந்தவை, பிறகு உத்தேசமாக எழுதி எடுத்தவை. அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கும் மொழிபெயர்ப்பாளரிடமும் அலைந்து முடிவதற்குள் லண்டனில் வருமான வரம்பை உயர்த்தும் அறிவிப்பு 2023 டிசம்பரில் வந்துவிட்டது. பழைய 18,600-க்கு அவர் தகுதியாக இருந்தார். கோப்பு ஆயத்தமானபோது ஏப்ரல் 11 கடந்துவிட்டது. அவர் இரவில் இரண்டாவது வேலை எடுத்து, இரண்டு சம்பளச் சீட்டையும் ஆறு மாதம் சேர்த்து, பிறகுதான் விண்ணப்பித்தார்கள். மறுப்புக் கடிதம் வந்தது. காரணங்களில் ஒன்று, 2021 கடைசியிலிருந்து 2022 நடுப்பகுதிவரை இருவருக்கும் தொடர்பும் ஆதரவும் இருந்ததற்குப் போதிய சான்று இல்லை என்பது.

அந்தக் கடிதத்தை அவள் என் முன்னால் வைத்தபோது அழவில்லை. "ரீச்சர், அந்த மாசங்கள்ல அவர் நித்திரை கொள்ளாம வேல செஞ்சவர். அதுக்கு நான் என்னத்தக் காட்டுற?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. நாணய மாற்று விகிதத்தைப் பிடித்து வைத்தது யாரோ. அதன் விலையைச் செலுத்துவது சித்தாண்டியில் ஒரு பெண்.

கோபத்தால் விசா வராது. ஆகவே இப்போது வருகிற பிள்ளைகளிடம் நான் சில காரியங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். காசு வங்கியில் வரட்டும், உன் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும், மாமியாரின் கணக்குக்கோ தம்பியின் கணக்குக்கோ வேண்டாம். பற்றுச்சீட்டு கிடைப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தன் பெயரில் கணக்கு வைத்திருக்கும் பெண் கலியாணம் முறிந்தாலும் வெறுங்கையோடு நிற்க மாட்டாள். 2017-ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு பழைய என்.ஆர்.எஃப்.சி. கணக்குக்குப் பதிலாகத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது. பவுணைப் பவுணாகவே அதில் வைத்திருக்கலாம், 2022-இல் ரூபாயில் சேமித்தவர்களின் பணத்தின் பெறுமதி கிட்டத்தட்டப் பாதியானதுபோல் ஆகாது. வாட்ஸ்அப்பை நம்பி இருக்காதே, ஃபோன் உடைந்தால் எல்லாம் போகும். மாதத்துக்கு ஒருமுறை அழைப்புப் பதிவைப் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டு வை. பெயரை முதலில் சரிசெய், கலியாணப் பதிவு அதற்குப் பிறகு. கடவுச்சீட்டுக்குக் கொழும்பில் இரவு முழுக்க வரிசையில் நிற்கத் தேவையில்லை, 2023 ஜூனிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்து, தெரிந்தெடுத்த பிரதேச செயலகங்களில் கைரேகை பதியலாம். விசா எடுத்துத் தருகிறேன் என்று முற்பணம் கேட்கிறவனுக்குச் சதம் கொடுக்காதே. ஃபோம்கள் அந்தந்த நாட்டு அரசின் இணையத்தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. கட்டணத்தைத் தவிர வேறெந்தக் காசும் அரசுக்குத் தேவையில்லை.

மறுப்பு வந்த பிள்ளைக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை இருக்கிறது. நாட்டுக்கு வெளியே இருப்பவர் 28 நாளுக்குள் செய்ய வேண்டும். உண்டியல் மாதங்களுக்கு வேறு சாட்சிகளைச் சேர்த்தோம். அந்த மாதங்களில் லண்டனில் அவருடைய கணக்கிலிருந்து அதே தொகை ரொக்கமாக எடுக்கப்பட்ட அறிக்கை, மத்திய வங்கி வெளியிட்ட மாற்று விகிதங்கள், ஊர்க் கடைக்காரர் எழுதித் தந்த கணக்குப் பிரதி, கிராம சேவகரின் கடிதம். அவள் தாயும் அயலவர்களும் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துத் தந்தார்கள். மருமகன் இந்த வீட்டில் இருந்தார், நாங்கள் கண்டோம் என்று தமிழில் எழுதி, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பினோம். விசாரணைத் திகதிக்குக் காத்திருக்கிறார்கள்.

அவளுடைய தங்கைக்கு இப்போது சுவிஸில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வருகிறார்கள். நல்ல பிள்ளை, தெரிந்த குடும்பம், குடியும் பொருந்துகிறது. தாய் என்னிடம் வந்து என்ன கேட்க வேண்டும் என்று கேட்டாள். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் இருப்பது சி அனுமதியா, பி அனுமதியா, எஃப் அனுமதியா? எஃப் என்றால் குடும்பத்தை அழைக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அரச உதவிப் பணம் எடுக்காமல் சொந்த உழைப்பில் வாழவும் வேண்டும், அதைத் தெரிந்துகொண்டே பெண் சம்மதிக்கட்டும். அவரால் இலங்கைக்கு வந்து கலியாணம் முடிக்க முடியுமா, இல்லை மூன்றாம் நாட்டுக்குப் போக வேண்டுமா? சம்பளம் முழுவதும் வங்கியில் வருகிறதா, கையில் வாங்குகிறாரா? கலியாணம் முடிந்த மாதத்திலிருந்தே அவள் பெயரில் உள்ள கணக்குக்குக் காசனுப்புவாரா? ஜெர்மன் பேசும் மாநிலமா, பிரெஞ்சு பேசும் மாநிலமா? அது தெரிந்தால் பிள்ளை இந்த மாதமே வகுப்புக்குப் போகத் தொடங்கலாம்.